மைன்கிராஃப்டின் அரிய பொருட்கள்: எதைச் செலவழிக்கலாம், எதைப் பூட்டி வைக்க வேண்டும்?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கணக்கெல்லாம் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பு 1.21, சர்வைவல் முறைக்கானது. பெட்ராக் என்ற இன்னொரு பதிப்பில் மாறும் சில இடங்களை மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கிடைத்ததையெல்லாம் செஸ்ட்டில் குவித்து வைக்கிறேன். எது உண்மையில் அரியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் தெரியும் நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தப் பொருள் இருக்கும் இடத்திலேயே திரும்ப உண்டாகுமா?

திரும்ப உண்டாகும் பொருளை எவ்வளவு செலவழித்தாலும் கவலையில்லை. அமெதிஸ்ட், ஷல்கர் ஓடு, விதர் மண்டை ஓடு, நெதர் ஸ்டார், ஆமைச் செதில், ப்ளேஸ் ராட் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நெதர் ஸ்டாரைப் பார்த்துப் பலர் பயபக்தியோடு பூட்டி வைக்கிறார்கள். அது தேவையே இல்லை.

இரண்டாவது வகை, டைமண்ட் கொடுத்து நகல் எடுக்கக்கூடியவை. ஸ்மிதிங் டெம்ப்ளேட்டுகள் (கருவியையும் கவசத்தையும் மேம்படுத்த, அலங்கரிக்க உதவும் அச்சுகள்) எல்லாம் இப்படித்தான். ஒன்று கையில் இருக்கும்வரை தொழிற்சாலையே கையில் இருக்கிறது; அந்தக் கடைசி ஒன்றையும் செலவழித்துவிட்டால் மறுபடி அலைய வேண்டும்.

மூன்றாவது வகை, எடுத்தால் எடுத்ததுதான். ஏன்ஷியன்ட் டெப்ரி (நெதரைட் உலோகத்தின் தாது), டைமண்ட், எக்கோ ஷார்ட், ஹார்ட் ஆஃப் த ஸீ, மண்பாண்டச் சில்லுகள், ஹெவி கோர், என்சான்டட் கோல்டன் ஆப்பிள். இந்த ஆப்பிளை 2016-இல் வந்த 1.9-க்கு முன்பு எட்டுத் தங்கக் கட்டைகளும் ஓர் ஆப்பிளும் வைத்துச் செய்ய முடிந்தது. அந்தச் செய்முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது செஸ்ட்டுகளிலும் வால்ட்டுகளிலும் (சாவி போட்டுத் திறக்கும் பெட்டகங்கள்) கிடைத்தால்தான் உண்டு.

உலகம் மிகப் பெரியது என்பதால் மூன்றாம் வகையும் ‘தீர்ந்துபோகாது’ என்று வாதாடலாம். தனியாக விளையாடினால் அது சரிதான். பத்துப் பேர் இருக்கும் சர்வரில் பக்கத்திலுள்ள நகரம், கோட்டை எல்லாம் முதல் வாரத்திலேயே காலியாகிவிடும். பிறகு ஒவ்வொரு எக்கோ ஷார்டுக்கும் ஆயிரக்கணக்கான பிளாக் நடக்க வேண்டும்.

அமெதிஸ்ட் ஜியோட் கிடைத்தது. முழுவதையும் வெட்டி எடுத்து வரலாமா?

வெட்டாதீர்கள்! இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஜியோட்டின் வெளி அடுக்கு வழவழப்பான பசால்ட், நடுவில் வெள்ளையாக கால்சைட், உள்ளே ஊதா நிற அமெதிஸ்ட். அந்த ஊதாக் கட்டைகளுக்கு நடுவே, முகத்தில் குறுக்குக் கீறல் போட்டதுபோல் சில கட்டைகள் தெரியும். அவைதான் பட்டிங் அமெதிஸ்ட். படிகம் முளைப்பது அவற்றின் மேல் மட்டும்தான். சில்க் டச் (கட்டையை அப்படியே எடுக்க உதவும் மந்திரம்) வைத்து உடைத்தாலும் அது கைக்கு வராது, பிஸ்டனால் தள்ளினால் உடைந்துவிடும். எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதற்கு வாழ்வு.

ஒவ்வொரு முகத்திலும் சின்ன மொட்டு, நடுத்தர மொட்டு, பெரிய மொட்டு, முழுக் கொத்து என்று நான்கு நிலைகளில் படிகம் வளரும். விளையாட்டு ஒரு கட்டையைச் சராசரியாக 68 நொடிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கிறது. பட்டிங் அமெதிஸ்டைத் தொடும்போது 20 சதவீத வாய்ப்பில், ஆறு முகங்களில் ஏதோ ஒன்றில் ஒரு நிலை வளரும். கணக்குப் போட்டால், ஒரு முகத்தில் ஒரு நிலைக்குச் சுமார் 34 நிமிடம், முழுக் கொத்துக்குச் சுமார் இரண்டேகால் மணி நேரம். ஆறு முகத்தையும் திறந்து வைத்தால் ஆறிலும் தனித்தனியாக வளரும். ஆகவே சுற்றியுள்ள சாதாரண அமெதிஸ்ட் கட்டைகளை எடுத்துவிட்டு, பட்டிங் கட்டையின் எல்லாப் பக்கமும் காற்றோ தண்ணீரோ இருக்கும்படி விடுங்கள்.

முழுக் கொத்தைப் பிக்காக்ஸால் உடைத்தால் 4 ஷார்ட் (அமெதிஸ்ட் துண்டு). விளைச்சலைக் கூட்டும் ஃபார்ச்சூன் III மந்திரம் இருந்தால் சராசரி 8.8, அதிகபட்சம் 16. கையாலோ பிஸ்டனாலோ உடைந்தால் 2 மட்டும். கொத்தாக ஆகாத மொட்டை உடைத்தால் ஒன்றுமே கிடைக்காது. பிஸ்டன் வைத்துத் தானியங்கிப் பண்ணை கட்டியவர்கள் ‘விளைச்சல் குறைவு’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம். நேரம் இருந்தால் கையில் பிக்காக்ஸோடு அறுவடை செய்வதே லாபம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. நான்கு ஷார்டைச் சேர்த்து ஓர் அமெதிஸ்ட் கட்டை செய்யலாம். கட்டையைத் திரும்ப ஷார்டாகப் பிரிக்க முடியாது. இடம் மிச்சம் பிடிக்கலாமே என்று எல்லாவற்றையும் கட்டையாக்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜியோட் பக்கத்தில் இல்லாதபோதும் வளருமா?

வளராது. நீங்கள் கிடைமட்டத்தில் 128 பிளாக் தூரத்துக்குள் இருந்தால்தான் அந்தத் தொட்டுப்பார்க்கும் வேலை நடக்கும். முகாமையோ சுரங்க வாயிலையோ ஜியோட் அருகே வைத்துக்கொள்வது நல்லது.

ஷார்ட் எதற்கெல்லாம் உதவும்?

ஸ்பைகிளாஸ்: ஒரு ஷார்ட், அதன் கீழே நேராக இரண்டு காப்பர் இன்காட். டின்டட் கிளாஸ்: நடுவில் ஒரு கண்ணாடி, நான்கு பக்கமும் ஷார்ட், இரண்டு கிடைக்கும். இந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், வெளிச்சம் மட்டும் உள்ளே புகாது. மாப் (விளையாட்டில் வரும் பிராணிகள்) பண்ணையை வெளியிலிருந்து கவனிக்க இதைவிட நல்லது இல்லை. காலிபரேட்டட் ஸ்கல்க் சென்சாருக்கு மூன்று ஷார்ட். ஜூக்பாக்ஸில் பாட்டு ஓடும்போது ஆடுகிற ஆலே என்ற பறக்கும் பிராணியிடம் ஒரு ஷார்டைக் கொடுத்தால் அது இரண்டாகும். மறுபடி செய்ய ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

நெதரைட்டுக்கு மொத்தம் என்னென்ன எவ்வளவு வேண்டும்?

கவசம் நான்கு, கருவிகள் ஐந்து (வாள், பிக்காக்ஸ், கோடாரி, மண்வாரி, களைக்கொத்து). ஆக ஒன்பது மேம்படுத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நெதரைட் இன்காட், ஒரு நெதரைட் அப்கிரேட் டெம்ப்ளேட்.

ஓர் இன்காட்டுக்கு நான்கு ஸ்க்ராப், நான்கு தங்க இன்காட். ஒரு ஸ்க்ராப்புக்கு ஒரு ஏன்ஷியன்ட் டெப்ரியை ஃபர்னஸில் உருக்க வேண்டும். மொத்தம் 36 டெப்ரி, 36 தங்கம், 9 டெம்ப்ளேட்.

டெம்ப்ளேட் ஒன்றுதான் கிடைத்தது என்றால் எட்டு முறை நகல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் 7 டைமண்ட், 1 நெதர்ராக், இருக்கும் டெம்ப்ளேட் ஒன்று. வெளியே இரண்டு வரும். எட்டு நகலுக்கு 56 டைமண்ட். கருவிகளைச் செய்யச் செலவான டைமண்ட் இதில் சேராது. டெப்ரியை விட இந்த 56-தான் பலரைத் தடுமாற வைக்கிறது. களைக்கொத்தை விட்டுவிட்டால் ஏழு டைமண்டும் நான்கு டெப்ரியும் மிச்சம்; கெத்துக்காக மட்டும் வேண்டுமென்றால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

என்சான்ட்மென்ட், பெயர் எல்லாம் மேம்படுத்திய பிறகும் அப்படியே இருக்கும். எனவே முதலில் டைமண்ட் நிலையிலேயே மந்திரமெல்லாம் ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்மிதிங் டேபிளுக்குப் போகலாம், தவறில்லை.

டெப்ரியே கிடைப்பதில்லையே, எங்கே தோண்டுவது?

நெதர் என்ற தீ உலகத்தில், Y 15 உயரத்தில். அது அதிகமாக இருப்பது 8-க்கும் 22-க்கும் இடையில். டெப்ரி ஒருபோதும் காற்றுப்படும் இடத்தில் உருவாகாது. அதனால் குகைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடப்பது வீண் வேலை; பாறையைத் திறந்தே ஆக வேண்டும்.

வெடிவைப்பதுதான் வேகமான வழி. டெப்ரியின் வெடி எதிர்ப்பு 1200, சுற்றியுள்ள நெதர்ராக் உதிர்ந்துபோகும், டெப்ரி மட்டும் நிற்கும். நீளமாக ஒரு சுரங்கம் வெட்டி ஐந்தாறு பிளாக்குக்கு ஒரு டிஎன்டி வைத்துக் கொளுத்தலாம். மணலும் வெடிமருந்தும் சேர்க்க நேரமில்லை என்றால் படுக்கை போதும்: நெதரில் படுக்க முயன்றால் அது வெடிக்கும். உங்களுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு பிளாக்கை வைத்து, அதன் ஓரமாகப் படுக்கையைச் சொடுக்குங்கள். நடுவில் பிளாக் வைக்காமல் செய்பவர்கள் எல்லாப் பொருளோடும் போய்ச் சேர்கிறார்கள். படுக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது. பையில் ஒன்றுக்கு ஒரு கட்டம் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு இருபது படுக்கையும், ஃபயர் ரெசிஸ்டன்ஸ் மருந்து இரண்டு பாட்டிலும் நியாயமான மூட்டை. ரெட்ஸ்டோன் சேர்த்துக் காய்ச்சினால் மருந்து 3 நிமிடத்துக்குப் பதில் 8 நிமிடம் நிற்கும். லாவா மேலே கொட்டும்போது அந்த ஐந்து நிமிட வித்தியாசத்தின் அருமை தெரியும்.

டெப்ரியை டைமண்ட் அல்லது நெதரைட் பிக்காக்ஸால் மட்டுமே எடுக்க முடியும். ஃபார்ச்சூன் இதில் வேலை செய்யாது. டெப்ரியும் அதிலிருந்து வரும் பொருட்களும் லாவாவில் எரியாது, மிதக்கும்.

நெதரைட் டெம்ப்ளேட் எங்கே நிச்சயமாகக் கிடைக்கும்?

நெதரில் உள்ள பாஸ்டியன் கோட்டை இடிபாடுகளில். நான்கு வகைப் பாஸ்டியன்களில் புதையல் அறை உள்ள வகையைத் தேடுங்கள். அங்கே புதையல் செஸ்ட்டில் டெம்ப்ளேட் கட்டாயம் இருக்கும். மற்ற பாஸ்டியன் செஸ்ட்டுகளில் வாய்ப்பு 10 சதவீதம்.

தங்கக் கவசம் ஒன்று போட்டால் அங்கே உள்ள பிக்லின்கள் (பன்றி உருவப் பிராணிகள்) சும்மா இருக்கும் என்பது பாதி உண்மை. அவற்றின் கண்ணெதிரே செஸ்ட்டைத் திறந்தாலோ தங்கக் கட்டையை வெட்டினாலோ பாய்ந்து வரும். பிக்லின் ப்ரூட்டுக்குத் தங்கமெல்லாம் பொருட்டே இல்லை, பார்த்தவுடன் அடிக்கும்.

கவச அலங்காரத்துக்கான டெம்ப்ளேட்டுகளையும் நகல் எடுக்கலாமா?

எடுக்கலாம். 1.21-இல் 18 வகை அலங்காரங்கள். எல்லாவற்றுக்கும் 7 டைமண்ட், கூடவே ஒவ்வொன்றுக்கும் உரிய ஒரு கட்டை. கோஸ்ட், சென்ட்ரி, வெக்ஸ் மூன்றுக்கும் காபிள்ஸ்டோன், டியூனுக்கு சாண்ட்ஸ்டோன், வார்டு, சைலன்ஸ் இரண்டுக்கும் காபிள்ட் டீப்ஸ்லேட், ரிப்புக்கு நெதர்ராக், ஸ்னவுட்டுக்கு பிளாக்ஸ்டோன், டைடுக்கு பிரிஸ்மரின், ஐக்கு எண்ட் ஸ்டோன், ஸ்பயருக்கு பர்ப்பர், வைல்டுக்கு பாசி படிந்த காபிள்ஸ்டோன், ட்ரெயில் ரூயின்ஸில் கிடைக்கும் நான்குக்கும் டெரகோட்டா. ஃப்ளோவுக்கு மட்டும் கட்டைக்குப் பதில் ப்ரீஸ் ராட், போல்ட்டுக்குக் காப்பர் கட்டை.

எல்லாரும் தேடுவது சைலன்ஸ். ஏன்ஷியன்ட் சிட்டி செஸ்ட்டில் அதன் வாய்ப்பு 1.2 சதவீதம். கிடைத்த நாளிலேயே கவசத்தில் ஏற்றிவிடத் தோன்றும். முதலில் ஏழு டைமண்டைத் தேடிக்கொண்டு வாருங்கள். ஒன்றை இரண்டாக்கிய பிறகு அணியுங்கள். நண்பர்களுக்குக் கொடுப்பதும் இப்படித்தான்: டைமண்ட் அவர்களுடையது, மூலப்பிரதி உங்களுடையது.

ஏன்ஷியன்ட் சிட்டியில் செஸ்ட்டைத் திறந்தவுடன் வார்டன் என்ற பிராணி வருகிறது. பதுங்கித்தானே நடந்தேன்?

பதுங்கி நடந்தால் காலடி போன்ற சில அதிர்வுகள் மட்டும்தான் அடங்கும். செஸ்ட்டைத் திறப்பதும் மூடுவதும் தனி அதிர்வு. அதைப் பதுங்கல் மறைக்காது. பிளாக்கை உடைப்பதும் வைப்பதும் அப்படியே.

வழி, கம்பளிக் கட்டை. அதிர்வைக் கேட்கும் ஸ்கல்க் சென்சாருக்கும் செஸ்ட்டுக்கும் நடுவே கம்பளி இருந்தால் அதிர்வு அதைத் தாண்டிப் போகாது. சாதாரண ஸ்கல்க் சென்சார் 8 பிளாக் தூரம்வரை கேட்கும். எனவே ஒவ்வொரு செஸ்ட்டையும் நெருங்கும் முன்பு சுற்றி எட்டுப் பிளாக்குக்குள் சென்சார் எங்கே என்று பாருங்கள். கம்பளிக் கட்டையை வைப்பதும் உடைப்பதும் அதிர்வு எழுப்பாது. கம்பளி மேலோ கம்பள விரிப்பின் மேலோ நடந்தால் பதுங்கவே தேவையில்லை. இரண்டு ஸ்டாக் கம்பளி எடுத்துப் போனால் ஒரு நகரத்தை நிதானமாகக் காலி செய்யலாம்.

வார்டனை வரவழைப்பது சென்சார் அல்ல, ஷ்ரீக்கர் என்ற அலறும் கட்டை. அது அலறும் ஒவ்வொரு முறையும் உங்கள் எச்சரிக்கை எண் ஒன்று கூடும். நான்காவது முறை வார்டன். ஒரு முறை கூடிய எண் பத்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் குறையும். மூன்று முறை அலறிவிட்டால் பிடிவாதம் வேண்டாம். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலே பாதி ஆபத்து நீங்கியிருக்கும். உயிர் 500 உள்ள பிராணியோடு சண்டை போட்டு எந்த லாபமும் இல்லை. அது விட்டுச்செல்வது ஒரு ஸ்கல்க் கேட்டலிஸ்ட் மட்டும்.

எக்கோ ஷார்டை எதற்குப் பயன்படுத்துவது? எட்டு சேர்க்கவே பாடாய்ப் படுகிறது.

இப்போதைக்கு ஒரே ஒரு பயன்: எட்டு ஷார்ட், நடுவில் சாதாரணக் காம்பஸ். ரெக்கவரி காம்பஸ் கிடைக்கும். கடைசியாக இறந்த இடத்தை அது காட்டும். வேறு பரிமாணத்தில் இறந்திருந்தால் முள் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். நெதரில் இறந்தால் நெதருக்குப் போன பிறகுதான் திசை தெரியும்.

ஓர் உண்மை: இறந்தவுடன் பையில் உள்ள காம்பஸும் கீழே விழுந்துவிடும்! அதை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு அலைவதில் பொருளே இல்லை. படுக்கைக்குப் பக்கத்துச் செஸ்ட்டில், இல்லாவிட்டால் எண்டர் செஸ்ட்டில் வையுங்கள். கீழே விழுந்த பொருள் அந்தப் பகுதி இயங்கிக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடத்தில் மறையும். நீங்கள் தூரத்தில் உயிர்த்தெழுந்தால் அந்தக் கடிகாரம் நிற்கும். நெருங்கியதும் மறுபடி ஓடும். எனவே பதறி ஓடாமல், தேவையான கருவியைச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

சந்தேகமான மணலை (உள்ளே பொருள் புதைந்திருக்கும் மணல் கட்டை) உடைத்தேன், ஒன்றும் வரவில்லை. ஏன்?

அதை உடைக்கக் கூடாது, துடைக்க வேண்டும். பிரஷ் செய்ய மேலிருந்து கீழாக ஓர் இறகு, ஒரு காப்பர் இன்காட், ஒரு குச்சி. மணல் அல்லது சரளையின் மீது பிரஷை அழுத்திப் பிடித்தால் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தலைகாட்டும், ஏறக்குறைய ஐந்து நொடியில் கையில் வரும். நடுவில் விட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். சில்க் டச்சும் இதைக் காப்பாற்றாது.

இன்னும் மோசமான இழப்பு கீழே விழுவதால் வருகிறது. இவை புவியீர்ப்புக்கு உட்பட்ட கட்டைகள். அடியில் உள்ளதைத் தோண்டினால் விழுந்து நொறுங்கிவிடும், உள்ளே இருந்ததும் போய்விடும். ட்ரெயில் ரூயின்ஸ் முழுக்க இந்தச் சரளைதான். பக்கவாட்டில் குடையாமல் மேலிருந்து ஓர் அடுக்கு, பிறகு அடுத்த அடுக்கு என்று இறங்குங்கள். மண்வாரியை மண்ணுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரணச் சரளைக்கும் சந்தேகமான சரளைக்கும் வித்தியாசம் மேற்பரப்பில் உள்ள கரடுமுரடான புள்ளிகள்தான், இருட்டில் தெரியாது. டார்ச்சைத் தாராளமாக வையுங்கள்.

எந்த மண்பாண்டச் சில்லு எங்கே கிடைக்கும்?

மொத்தம் 23. பாலைவனக் கோயிலில் நான்கு: ஆர்ச்சர், மைனர், பிரைஸ், ஸ்கல். பாலைவனக் கிணற்றடியில் இரண்டு: ஆர்ம்ஸ் அப், ப்ரூவர். வெதுவெதுப்பான கடல் இடிபாட்டில் ஆங்க்லர், ஷெல்ட்டர், ஸ்நார்ட். ஸ்நிஃபர் முட்டையும் இங்கே மட்டும்தான். குளிர்ந்த கடல் இடிபாட்டில் பிளேடு, எக்ஸ்ப்ளோரர், மோர்னர், பிளென்ட்டி. ட்ரெயில் ரூயின்ஸில் ஏழு: பர்ன், டேஞ்சர், ஃப்ரெண்ட், ஹார்ட், ஹார்ட்பிரேக், ஹௌல், ஷீஃப். ட்ரயல் சேம்பரில் இருக்கும் பானைகளை உடைத்தால் ஃப்ளோ, கஸ்டர், ஸ்க்ரேப்.

சில்லுக்கு நகல் கிடையாது. ஆனால் பானையாக்கிவிட்டால் தொலைந்தது என்று நினைக்க வேண்டாம்: கருவியால் அடித்தால் பானை நான்கு துண்டாகத் திரும்பிவிடும். வெறுங்கையால் எடுத்தால் முழுப்பானையாகவே வரும். காட்சிக்கு வைத்து, பிடிக்காவிட்டால் பிரித்து, வேறு வரிசையில் சேர்க்கலாம். நான்கு முகத்துக்கும் சில்லு வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இல்லாத முகத்துக்குச் செங்கல் போதும்.

ஒரு பிரஷ் எவ்வளவு நேரம் உழைக்கும்?

64 முறை. மணல் துடைக்க ஒரு முறைக்கு ஒன்று போகும். ஆர்மடில்லோவைத் துடைத்தால் ஒரு செதிலுக்கு 16 போய்விடும். அதாவது ஒரு பிரஷுக்கு நான்கு செதில். ஓநாய்க் கவசத்துக்கு ஆறு செதில் வேண்டும். நேரமிருந்தால் ஆர்மடில்லோவை வேலிக்குள் அடைத்துவிட்டால் போதும், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு செதில் தானாக உதிர்க்கும்.

புதையல் வரைபடத்தில் குறி இருக்கும் இடத்தைத் தோண்டித் தோண்டிப் பார்த்தும் செஸ்ட் இல்லை.

ஜாவாவில் புதையல் செஸ்ட் அந்தச் சங்க்குக்குள் (16×16 பிளாக் பகுதி) எப்போதும் 9, 9 என்ற இடத்தில்தான் இருக்கும். F3 அழுத்தி, சங்க் எண்களில் X-உம் Z-உம் 9 ஆகும் இடத்தில் நின்று நேராகக் கீழே தோண்டுங்கள். பெட்ராக்கில் 8, 8. உள்ளே ஹார்ட் ஆஃப் த ஸீ கட்டாயம் ஒன்று உண்டு.

கண்டியூட் (நீருக்கடியில் மூச்சும் பார்வையும் தரும் கட்டை) கட்டினேன், இயங்கவில்லை.

கண்டியூடுக்கு எட்டு நாட்டிலஸ் ஓடும் ஒரு ஹார்ட் ஆஃப் த ஸீயும். ஓடுகளுக்கு மீன்பிடித்தலை நம்புவதைவிட, கையில் ஓட்டைப் பிடித்திருக்கும் ட்ரவுன்ட் என்ற நீர் ஜோம்பியைக் கொல்வது மேல். கையில் வைத்திருந்தால் கட்டாயம் போடும். நாடோடி வியாபாரி சில சமயம் ஐந்து எமரால்டுக்கு விற்பார்.

இயங்காததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கண்டியூடைச் சுற்றி 3×3×3 இடம் முழுக்கத் தண்ணீராக இருக்க வேண்டும். ஒரு மூலையில் காற்று இருந்தாலும் போச்சு. சட்டகத்தில் படிக்கட்டும் ஸ்லாபும் கணக்கில் வராது. முழு பிரிஸ்மரின், பிரிஸ்மரின் செங்கல், கருப்பு பிரிஸ்மரின், ஸீ லான்டர்ன் நான்கு மட்டுமே.

சட்டகம் என்பது 5×5 வளையங்கள். ஒரு முழு வளையம் 16 கட்டை. அதிலேயே 32 பிளாக் தூரம் வேலை செய்யும். பிறகு ஏழு ஏழு கட்டையாகக் கூட்டக் கூட்ட 16 பிளாக் நீளும். மூன்று வளையமும் ஒன்றையொன்று வெட்டி நின்றால் 42 கட்டை, 96 பிளாக். நீரில் உள்ள பகைப் பிராணிகளைத் தாக்கும் சக்தி 42-ம் முழுமையானால்தான் வரும்.

விதர் மண்டை ஓடு மூன்று சேர்க்க எத்தனை விதர் எலும்புக்கூட்டைக் கொல்ல வேண்டும்?

சாதாரண வாளில் வாய்ப்பு 2.5 சதவீதம், சராசரியாக 120. லூட்டிங் III மந்திரம் இருந்தால் 5.5 சதவீதம், சராசரியாக 55. இதற்கு மேல் பேச வேறொன்றுமில்லை: முதலில் லூட்டிங் III.

விதர் என்ற பெரிய பிராணியை வரவழைக்க T வடிவில் நான்கு சோல் சாண்ட், மேலே மூன்று மண்டை ஓடு. கடைசியாக வைப்பது மண்டை ஓடாக இருக்க வேண்டும். நடுத்தூணின் இரு பக்கமும் கீழே உள்ள இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு புல் முளைத்திருந்தாலும் விதர் வராது. பீஸ்ஃபுல் முறையிலும் வராது.

விதரைக் கொன்றால் கிடைக்கும் நெதர் ஸ்டாரோடு ஐந்து கண்ணாடி, மூன்று அப்சிடியன் சேர்த்தால் பீக்கன் (சுற்றியிருப்பவர்களுக்குப் பலம் தரும் விளக்கு). விலை பீக்கனில் இல்லை, அடியில் இருக்கிறது: நான்கு அடுக்கு முழுக் கூம்புக்கு 9, 25, 49, 81 என்று 164 கட்டை, இன்காட்டாகப் பார்த்தால் 1,476. இரும்போ டைமண்டோ பலன் ஒன்றுதான். டைமண்ட் கட்டையில் பீக்கன் வைப்பது சர்வரில் பெருமை காட்டத்தான்.

ஹெவி கோர் எப்படிக் கிடைக்கும்?

ட்ரயல் சேம்பரில் உள்ள ஓமினஸ் வால்ட்டில், அதுவும் எல்லா முறையும் அல்ல. படி இதுதான்: கொள்ளையர் தலைவனைக் கொன்று ஓமினஸ் பாட்டில் எடுக்க வேண்டும். ட்ரயல் சேம்பருக்குள் போய்க் குடிக்க வேண்டும். ட்ரயல் ஸ்பானரை நெருங்கியதும் விளைவு ட்ரயல் ஓமனாக மாறும், ஸ்பானர் நீலமாக எரியும். அதை வென்றால் ஓமினஸ் சாவி விழ வாய்ப்புண்டு. பாட்டிலை ஊருக்குள் குடித்தால் ரெய்டு வந்து வில்லேஜர்கள் செத்துப்போவார்கள்.

ஒரு வால்ட் ஓர் ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு முறைதான் திறக்கும். நண்பர் திறந்துவிட்டார் என்பதால் உங்கள் பங்கு போய்விடாது. ஆனால் யாராவது வால்ட்டை உடைத்தால் எல்லாருக்கும் போச்சு, உடைத்தவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

கோருக்குக் கீழே ஒரு ப்ரீஸ் ராட் வைத்தால் மேஸ் என்ற ஆயுதம். பழுது பார்க்கவும் ப்ரீஸ் ராட்தான். ஆகவே கையில் உள்ள ராட்டையெல்லாம் விண்ட் சார்ஜ் ஆக்கிவிடாதீர்கள்.

எண்டர் டிராகன் முட்டையை எப்படி எடுப்பது?

ஜாவாவில் உலகத்துக்கு ஒன்று, முதல் டிராகனோடு சரி. கையால் தொட்டால் வேறெங்கோ தாவிவிடும். முட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்டனை அதை நோக்கி வைத்து லீவரை இழுங்கள், பொருளாக உதிரும். அதற்கு முன்பு கீழே உள்ள போர்ட்டலைக் கட்டைகளால் மூடுங்கள். இல்லாவிட்டால் விழுந்த முட்டை உள்ளே போய் ஓவர்வேர்ல்டின் ஸ்பான் இடத்தில் கிடக்கும், சர்வரில் முதலில் பார்ப்பவருக்குச் சொந்தம்.

டிராகனை மறுபடி வரவழைத்தால் முட்டை கிடைக்காது. அதன் மூச்சுக்காற்றைப் பாட்டிலில் பிடிக்க அது பயன்படும். வரவழைக்க நான்கு எண்ட் கிரிஸ்டல் வேண்டும், அதாவது 28 கண்ணாடி, 4 ஐ ஆஃப் எண்டர், 4 காஸ்ட் கண்ணீர்.

ஆட்டுக்கொம்பு, இசைத்தட்டு இவற்றை முழுத்தொகுப்பாகச் சேர்க்க முடியுமா?

கொம்பு முடியும். எட்டு ஒலி, நான்கு சாதாரண ஆட்டிடம், நான்கு அலறும் ஆட்டிடம். அலறும் ஆடு 2 சதவீதம்தான். ஆடு மரத்தண்டு, கல், பேக்டு ஐஸ், நிலக்கரி, இரும்பு, காப்பர், எமரால்டு தாது இவற்றில் மோதினால்தான் கொம்பு விழும். ஓர் ஆட்டுக்கு இரண்டு கொம்பு.

இசைத்தட்டில் பன்னிரண்டு, ஸ்கெலிட்டன் அம்பால் க்ரீப்பர் செத்தால் விழும். பிக்ஸ்டெப் பாஸ்டியன் செஸ்ட்டில் மட்டும். ‘5’ என்ற தட்டுக்கு ஏன்ஷியன்ட் சிட்டியில் ஒன்பது துண்டு சேர்க்க வேண்டும்.

பழைய உலகத்தில் விளையாடுகிறேன். ட்ரயல் சேம்பரே கண்ணில் படவில்லை.

ஏற்கெனவே நடந்து பார்த்த இடத்தில் புதிய கட்டடங்கள் முளைக்காது. ஜியோட் 2021-இலும், ஏன்ஷியன்ட் சிட்டி 2022-இலும், ட்ரெயில் ரூயின்ஸ் 2023-இலும், ட்ரயல் சேம்பர் 2024-இலும் வந்தன. உங்கள் உலகம் அதற்கு முந்தியதென்றால், இதுவரை கால் வைக்காத திசையில் போக வேண்டும். கார்ட்டோகிராஃபர் வில்லேஜரை ஜர்னிமேன் நிலைக்கு உயர்த்தினால் ட்ரயல் சேம்பர் வரைபடம் விற்பார்.

இவ்வளவையும் எங்கே பாதுகாப்பாக வைப்பது?

எண்டர் செஸ்ட்டுக்குள் ஷல்கர் பாக்ஸ். 27 பெட்டி, ஒவ்வொன்றிலும் 27 கட்டம், ஆக 729 ஸ்டாக். உங்கள் எண்டர் செஸ்ட்டை வேறு யாராலும் பார்க்க முடியாது, எந்த எண்டர் செஸ்ட்டிலும் உங்களுக்குத் திறக்கும். பெட்டி ஒன்றுக்கு இரண்டு ஓடு, நடுவில் ஒரு செஸ்ட். ஷல்கர் ஓடு போடும் வாய்ப்பு 50 சதவீதம், லூட்டிங் III-இல் 68.75.

மூன்றாம் வகைப் பொருட்களுக்கென்று ஒரு பெட்டியைத் தனி நிறத்தில் சாயம் போட்டு ஒதுக்குங்கள். டெம்ப்ளேட்டுகளின் மூலப்பிரதியும் அதில் ஒவ்வொன்று. எண்டர் செஸ்ட்டை எடுக்கும்போது சில்க் டச் மறக்க வேண்டாம். மறந்தாலும் உள்ளே உள்ளது போகாது, எட்டு அப்சிடியன் மட்டும் கையில் வரும். மறுபடி செய்ய ஓர் ஐ ஆஃப் எண்டர் தண்டம்.